விலை ஏறும்போது மட்டும் விழிக்கும் கணக்கு

உணவுப் பொருள்களின் விலையை இந்த நாட்டில் யாரும் கவனிப்பதில்லை என்று குறை சொல்ல இடமில்லை. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை நாடெங்கும் 550க்கும் மேற்பட்ட மையங்களிலிருந்து நாள்தோறும் சில்லறை விலையையும் மொத்த விலையையும் திரட்டி வெளியிடுகிறது. 22 பொருள்களாக இருந்த அந்தப் பட்டியல் 2024 ஆகஸ்டில் 38 ஆக விரிந்தது. கேழ்வரகு, கம்பு, சோளம், கத்தரிக்காய், வாழைப்பழம், முட்டை, சீரகம் முதலியவை அப்போது சேர்ந்தன. நீலகிரியில் விளைபவற்றில் உருளைக்கிழங்கும் தேயிலையும் அதில் முன்பே இருந்தன. கூடலூர்ப் பக்கத்து மிளகும் இப்போது சேர்ந்துகொண்டது. கேரட் இல்லை, பீட்ரூட் இல்லை, முட்டைகோஸ் இல்லை, பூண்டும் இல்லை. எங்கள் சரிவுகளில் பெரும்பாலான குடும்பங்கள் நம்பியிருக்கும் காய்கள் தில்லியின் பட்டியலில் இல்லை என்பதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்தப் பட்டியல் அடுப்படியின் நன்மைக்காகப் போடப்பட்டது, தோட்டத்துக்காக அன்று. ஆனால் நாட்டில் இருக்கும் கண்காணிப்பு அனைத்துமே அடுப்படிப் பக்கம் நின்று பார்ப்பதாக அமைந்துவிட்டதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அடுப்படியைக் கவனிக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு உண்டு. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து 45.86 விழுக்காடு எடை தரப்பட்டிருந்தது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்கும் சேர்ந்த எடை சுமார் 2.2 விழுக்காடுதான் என்றாலும், இம்மூன்றும் ஏறி இறங்கும் வேகத்தில் மொத்தக் குறியீடே ஆடிப்போகும். பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இருபுறமும் இரண்டு விழுக்காடு இடைவெளிக்குள் நிறுத்திவைக்க வேண்டும் என்று 2016 முதல் சட்டப்படி பொறுப்பேற்றிருக்கும் ரிசர்வ் வங்கி, வட்டி விகிதத்தை முடிவுசெய்யும் கூட்டங்களில் தக்காளியைப் பற்றிப் பேசுவது இதனால்தான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது கூட்டுறவு அமைப்புகள் வழியாகக் கொள்முதல் செய்து, 90 ரூபாய்க்கும் பின்னர் 80க்கும் 70க்கும் நகரங்களில் ஒன்றிய அரசு விற்றது. சில நாள்களுக்குள் லாரிகள் ஏற்பாடாயின, விற்பனை வண்டிகள் தெருவுக்கு வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பல மாநிலங்களில் தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு இறங்கி, சாலையோரத்தில் கொட்டப்பட்டது. அப்போது அதே வேகத்தில் எந்த வண்டியும் புறப்படவில்லை.

இந்தப் பழக்கத்தின் வேர் பஞ்சத்தில் இருக்கிறது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவந்த 1876-78 பேரழிவுக்குப் பிறகு, 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து மாகாணந்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. மழை பொய்ப்பது, தானிய விலை வழக்கத்துக்கு மீறி ஏறுவது, மக்கள் ஊரைவிட்டு அலைவது ஆகியவற்றை ஆட்சியர் கவனித்து மேலே தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். கோடை வந்தால் உதகைக்கு ஏறிவிடும் வழக்கம் கொண்டிருந்த சென்னை அரசு, கீழே சமவெளியில் என்ன நடக்கிறது என்பதை அறிய இத்தகைய தாள்களைத்தான் நம்பியிருந்தது. உலக அளவில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1970களிலிருந்து நடத்தும் முன்னெச்சரிக்கை ஏற்பாடும், ஆப்பிரிக்கப் பஞ்சங்களை ஒட்டி 1985இல் அமெரிக்க உதவியுடன் தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பும் ஏறக்குறைய இதே வழியில் சிந்திப்பவை: வாங்கும் கைக்கு எட்டாத விலையே ஆபத்தின் முதல் அடையாளம். தானியத்தை விலைகொடுத்து வாங்கியுண்ணும் கூலி உழைப்பாளிக்கு அது முற்றிலும் உண்மை. அந்த உண்மையை மறுக்க எனக்கு விருப்பமும் இல்லை, தகுதியும் இல்லை.

ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எங்களுக்கு ஆண்டு மூன்று போகங்களாகப் பிரிகிறது. சனவரி, பிப்ரவரியில் பாசன வசதி உள்ள தாழ்வான இடங்களில் நீர்போகம். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையை நம்பி விதைத்துத் தென்மேற்குப் பருவத்தில் வளர்க்கும் கார்போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் விதைக்கும் கடைபோகம். கேரட்டு விதைத்து நூறு நாள் அளவில் பிடுங்கும் பயிர். உருளைக்கிழங்கு இன்னும் சற்றுக் கூடுதல் நாள் கேட்கும். பூண்டு நான்கைந்து மாதம் நிலத்தில் இருக்கும். ஆகவே இன்றைக்கு மலையடிவாரத்து மேட்டுப்பாளைய மண்டியில் கேரட்டுக்கு என்ன விலை என்பது இன்று பிடுங்குபவருக்கு மட்டுமே செய்தி. இன்று விதைப்பவருக்கு அது செய்தியே அன்று, பெரும்பாலும் திசைமாற்றும் பொய்ச்செய்தி. இன்று விலை நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் பக்கத்துத் தோட்டக்காரரும் கேரட்டே போடுகிறார்; அதற்கடுத்தவரும் போடுகிறார்; கொடைக்கானல் மேல்மலையிலும் கர்நாடகத்தின் கோலார், மாலூர்ப் பக்கத்திலும் இதே விலையைக் கேட்டு இதையே செய்கிறார்கள். நூறு நாள் கழித்து அனைவரும் ஒரே வாரத்தில் லாரி ஏற்றுகிறார்கள். அந்த வாரத்து விலைக்கு விதை போட்டது, நூறு நாளுக்கு முன்பு வந்த நல்ல விலை. விலையைப் பார்த்து விதைத்தவர்கள் சேர்ந்து விலையை இறக்கும் இந்தச் சுழலைப் பொருளியல் பாடநூல்கள் நெடுங்காலமாக விளக்கிவருகின்றன. ஆனால் பாடநூலில் இருப்பது எங்கள் கேத்தி பாலாடாவில் இருப்பவருக்கு எந்த வடிவத்தில் வந்து சேர வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வந்து சேரும் விலையும் எத்தகையது என்று பார்க்க வேண்டும். விடியுமுன்பே நெற்றி விளக்குடன் கேரட்டுப் பிடுங்க ஆட்கள் இறங்குகிறார்கள். கேத்தி பாலாடா போன்ற இடங்களில் உள்ள கழுவும் இயந்திரங்களில் மண் போக அலசி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி மலையிறக்குகிறார்கள். பர்லியாறு பக்கம் மண்சரிவு ஏற்பட்டால் லாரி நிற்கும், காய் நிற்காது, வாடிக்கொண்டே போகும். மேட்டுப்பாளைய மண்டியில் ஏலம் முடிந்து விலை நிர்ணயமானதும், அந்த ஓர் எண்தான் செய்தித்தாளுக்கும் கைப்பேசிக்கும் வருகிறது. பிடுங்குகூலி, கழுவுகூலி, சாக்கு, ஏற்றுகூலி, லாரி வாடகை, இறக்குகூலி, மண்டிக் கமிஷன், கழிவு என்று அந்த எண்ணிலிருந்து கழிந்துபோகும் எதுவும் விலைப்பட்டியலில் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை எடைக்கும் மூட்டைக்கும் கணக்கிடப்படுபவை. விலை பாதியானால் கூலியும் வாடகையும் பாதியாவதில்லை. எனவே மண்டி விலை பாதியாகக் குறைந்தால் தோட்டக்காரரின் கையில் மிஞ்சுவது பாதியாவதோடு நிற்காது, ஏறக்குறைய இல்லாமலே போகும். பிடுங்காமல் உழுதுவிடுவது மேல் என்று ஒருவர் முடிவெடுக்கும் விலைப் புள்ளி எது என்பதை எந்தப் பட்டியலும் குறிப்பதில்லை. என் பார்வையில் விலைக் கண்காணிப்பு என்ற பெயருக்குத் தகுதியான முதல் எண் அதுதான்.

உருளைக்கிழங்கு பட்டியலில் இருக்கிறது என்று மகிழவும் முடியவில்லை. மேட்டுப்பாளையத்தில் 45 கிலோ மூட்டைக்கு விலை பேசப்படும் ஊட்டிக் கிழங்குக்கும், அதே மண்டிகளுக்குக் குஜராத்திலிருந்தும் கோலாரிலிருந்தும் வந்து இறங்கும் கிழங்குக்கும் விலை வேறு, வாங்குபவர் வேறு, வந்துசேரும் காலமும் வேறு. குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து வரும் வடநாட்டுக் கிழங்கும் தோண்டிய ஈரம் காயாத எங்கள் கிழங்கும் ஒரே வரியில் உருளைக்கிழங்கு என்று பதிவாகும்போது, சராசரி என்பது இரண்டையும் குறிக்காத மூன்றாவது எண்ணாகிவிடுகிறது. ஒருகாலத்தில் நீலகிரி விவசாயம் என்றாலே கிழங்குதான். அதை விற்றுத்தருவதற்கென்றே 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தொடங்கப்பட்டது. 1961இல் இந்த மலையில் கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டறியப்பட்டதும், பின்னர் விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்ததும், கருகல் நோயும், தேயிலையின் மாதாந்திர வருமானமும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. பூண்டு மட்டும் இன்றும் எங்களை வெளியூருடன் வேறுவிதமாக இணைத்திருக்கிறது. வட மாநில வியாபாரிகள் மேட்டுப்பாளையத்தில் நீலகிரிப் பூண்டை விதைக்காகவே ஏலம் எடுப்பதால், எங்கள் பூண்டு விலை தமிழ்நாட்டுச் சமையலறையைவிட மத்தியப் பிரதேசத்து விதைப்புக் காலத்தையே அதிகம் பின்பற்றுகிறது.

உழவர் சந்தை ஒரு நல்ல விதிவிலக்கு. 1999இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நீலகிரிக்கு உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய நான்கு ஊர்களில் சந்தைகள் கிடைத்தன. மொத்த விலைக்குமேல் சற்றுக் கூட்டி, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே சற்றுக் குறைத்து ஒவ்வொரு நாள் காலையும் கரும்பலகையில் எழுதப்படும் விலை இருதரப்புக்கும் நியாயமானது. ஆனால் இந்த மலையில் உண்ணும் வாய்களின் எண்ணிக்கையும் விளையும் மூட்டைகளின் எண்ணிக்கையும் ஒப்பிடத்தக்கவை அல்ல. பெரும் சரக்கு மலையிறங்கித்தான் ஆக வேண்டும்.

பருவநிலைக் கண்காணிப்புக்கு வந்தால் சராசரியின் கேடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவுகளில் பலர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. இரண்டு இடங்களுக்கும் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. ஒன்று வடகிழக்குப் பருவத்தின் கைக்குள் இருப்பது, மற்றொன்று தென்மேற்கின் வாசலில் இருப்பது. நடுவில் தொட்டபெட்டாத் தொடர் நிற்கிறது. மாவட்டச் சராசரி மழை இயல்பான அளவு என்று அறிக்கை வரும் ஆண்டில் குந்தாவில் கிழங்கு அழுகியும் கோத்தகிரியில் விதை முளைக்காமலும் இருக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிவிப்புகளை நான் மதித்து வாசிக்கிறேன். மருந்து தெளிக்கும் நாளைத் தள்ளிவைக்கவாவது அவை உதவுகின்றன. ஆனால் டிசம்பரில் தலைகுந்தாவின் பள்ளத்தில் உறைபனி விழுந்து இலை கருகும் இரவில், ஒரு மேடு தள்ளி உள்ள தோட்டத்தில் வெறும் நீர்ப்பனியோடு நின்றுவிடும். இதை வட்டார அளவிலான அறிவிப்பால் சொல்ல இயலாது. சொல்லும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எங்களுக்கு மேலே உள்ள வீட்டு மாமா இதைப் பற்றி ஒருமுறை சொன்னது நினைவில் நிற்கிறது. நான் மழைமானியில் அளந்ததைக் குறித்துக்கொண்டிருந்தபோது, "நம்ம மழைய நாமதான் நனைஞ்சு பாத்துக்கறோமே தம்பி, கோலார்ல மழை எப்படின்னு யாராச்சும் எழுதி வெக்கிறீங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டார் என்றாலும் சந்தை பற்றிய அறிவு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எங்கள் கேரட்டின் விலையை எங்கள் மழை பாதி தீர்மானிக்கிறது. போட்டியிடும் ஊர்களின் மழை மீதியைத் தீர்மானிக்கிறது. முட்டைகோசுக்குத் தாளவாடியையும், பீட்ரூட்டுக்கு உடுமலை, ஒட்டன்சத்திரம் பக்கத்தையும், கேரட்டுக்குக் கோலாரையும் கொடைக்கானல் மேல்மலையின் மன்னவனூரையும் பார்க்க வேண்டும். இவற்றோடு கேரளத்து ஓணத்தையும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் தனித்தனி அலுவலகங்களின் தனித்தனி ஏடுகளில் இருக்கின்றன.

முன்கூட்டியே பார்க்கும் வித்தை இந்த நாட்டுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதற்கான சான்று எங்கள் மலையிலேயே இருக்கிறது. கோதுமையைத் தாக்கும் துரு நோயை ஆராய்ந்த கே.சி. மேத்தா, வட சமவெளியின் கோடை வெப்பத்தில் அந்தப் பூசணம் பிழைப்பதில்லை என்றும், மலைகளின் குளிரில் தங்கியிருந்தே ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் கீழே பரவுகிறது என்றும் கண்டார். கருந்துருவுக்கும் பழுப்புத் துருவுக்கும் தென்னிந்தியாவில் நீலகிரியும் பழனி மலையும் உறைவிடங்கள் என்பதும், நவம்பர் வாக்கில் புயற்காற்றோடு அதன் நுண்வித்துகள் மத்திய இந்தியாவின் இளங்கோதுமை மீது போய் இறங்குகின்றன என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளில் உறுதிப்பட்டன. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1950களிலேயே வெலிங்டனில் ஒரு கோதுமை நிலையத்தை அமைத்ததன் பொருள் இதுதான். கோதுமை விலை ஏறிய பிறகு தில்லியில் விழித்துக்கொள்ளாமல், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அறுவடைக்குப் பல மாதங்களுக்கு முன்பு, நோய் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே போய் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நாட்டின் ரொட்டிக்காக எங்கள் மலையில் வைத்த அந்தக் கண்ணில் ஒரு பங்கு எங்கள் கேரட்டுக்கும் கிடைத்திருக்கலாம்.

கேரட்டுக்கு அப்படிப் பார்ப்பது என்றால் விதைப்பைப் பார்ப்பது. அதற்கான ஏடும் பழையது. கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கல், எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் என்று சொல்லும் பதிவேடு. அதிலிருந்து வட்டம், மாவட்டம் என்று திரண்டு மாநிலப் புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கையாகிறது. சூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முடிவில் முடியும் பசலி ஆண்டைச் சட்டகமாகக் கொண்ட அந்தக் கணக்கு, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போகம் நெல் விளையும் ஊருக்குப் பொருத்தமானது. ஒரே பாத்தியில் கேரட்டும் பீட்ரூட்டும் பூண்டும் மாறிமாறி வரும் ஊரில், அறிக்கை அச்சாகி வரும்போது அது வரலாறாகியிருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சந்தைத் தகவல் மையம் விதைப்புக்கு முன்பும் அறுவடைக்கு முன்பும் சில பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. மேட்டுப்பாளையச் சந்தையின் பழைய விலைகளையும் வியாபாரிகளிடம் கேட்டறிந்ததையும் வைத்துக் கணித்து, இந்தப் போகத்தில் கிழங்கு இந்த அளவு விற்கலாம் என்று சொல்கிறது. இருப்பவற்றில் எங்கள் தேவைக்கு மிக அருகில் வருவது இதுவே. நடப்புப் போகத்தில் எத்தனை ஏக்கரில் எது விதைக்கப்பட்டிருக்கிறது என்ற வாராந்திரக் கணக்கும் அதற்குக் கிடைத்தால் அதன் கூர்மை பல மடங்காகும். கேரட்டு விதை பெரும்பாலும் கடையில் வாங்கும் டப்பாவில் வருவது. ஊர் ஊராக அளக்கக்கூட வேண்டாம், விதை விற்பனையைக் கூட்டினாலே நூறு நாளுக்கு முன்பே பாதிக் கதை தெரிந்துவிடும்.

விலை இறங்கும்போது தலையிடுவதற்குத் திட்டமே இல்லை என்று சொன்னால் அது தவறாகும். குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லாத, விரைவில் அழுகும் பொருள்களுக்காகச் சந்தைத் தலையீட்டுத் திட்டம் இருக்கிறது. முந்தைய இயல்பான ஆண்டின் விலையைவிடக் குறைந்தது 10 விழுக்காடு சரிந்திருந்தால், மாநில அரசு கேட்டுக்கொள்ளும்போது ஒன்றிய அரசு செலவைப் பகிர்ந்துகொள்ளும். மாநிலம் கேட்க வேண்டும், சரிவை நிறுவ வேண்டும், ஒப்புதல் வர வேண்டும். பிடுங்கும் பருவம் கடந்தால் வெடித்துப்போகும் கேரட்டு இத்தனைக்கும் காத்திருக்காது. கேரளம் 2020 நவம்பரில் வேறு வழியில் போனது. 16 விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு சேர்த்து, அடிப்படை விலையை முன்கூட்டியே அறிவித்தது. கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் கிலோ 21 ரூபாய், கிழங்குக்கு 20, முட்டைகோசுக்கு 11, பூண்டுக்கு 139. அந்த விலை காந்தல்லூரிலும் வட்டவடையிலும் உள்ள அவர்களுடைய விவசாயிகளுக்கானது. பழனி மலையின் இந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் நிற்கும் கிளாவரைக்காரருக்கு உரியதன்று. திட்டம் நடைமுறையில் எவ்வளவு தூரம் போனது என்பதைவிட, உற்பத்திச் செலவு என்ற ஒன்றை அரசு பயிர்வாரியாகக் கணக்கிட்டு எழுதிவைத்ததே எனக்குப் பெரிதாகப்படுகிறது. செலவு எழுதப்பட்டிருந்தால்தான் விலை எப்போது அதற்குக் கீழே போனது என்று யாரேனும் கேட்க முடியும்.

எங்கள் பள்ளத்தாக்கில் சிலர் சேர்ந்து ஓர் ஏட்டைத் தொடங்கியிருக்கிறோம். அதில் மண்டி விலைக்கு ஒரு பத்தி, எல்லாக் கழிவும் போகக் கைக்கு வந்ததற்கு ஒரு பத்தி, மழைக்கும் பனிக்கும் ஒரு பத்தி, அந்த வாரம் ஊரில் யார் எதை எவ்வளவு விதைத்தார் என்பதற்கு ஒரு பத்தி. முதல் மூன்றும் எளிதாக நிரம்புகின்றன. நான்காவதில்தான் தயக்கம். தான் போட்டதைச் சொன்னால் அடுத்தவரும் அதையே போட்டுவிடுவார் என்று சிலர் மறைக்கிறார்கள்; ஆகவே பெயரில்லாமல் ஊருக்கு மொத்தமாக மட்டும் எழுதுவது என்று முடிவுசெய்திருக்கிறோம். விதைக் கடைக்காரர்கள் இருவர் தங்கள் மாத விற்பனையைச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடைபோக விதைப்பு முடிவதற்குள் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கமும் தாளவாடியிலும் இதே கணக்கை எழுதக்கூடியவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கோலாருக்கு எழுதக் கன்னடம் தெரிந்த ஒருவரும் தேவைப்படுகிறார்.